212-க்கும் ஒரு கட்டைவிரல்

எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழு ஒன்றின் பெயர் 'அம்மா சுகர்'. நான், தம்பி, சித்தி, அம்மா என்று நான்கு பேர். தம்பி வேறு நாட்டில் இருக்கிறான், நான் வேறு ஊரில். சித்தி ஓய்வு பெற்ற நர்ஸ். அம்மாவுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வந்து வெகுகாலமாகிறது. மாத்திரையோடு இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். காலையில் விரலைக் குத்திப் பார்த்ததும் குளுக்கோமீட்டர் திரையைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிடுவார். உடனே மூன்று கட்டைவிரல்கள் வந்து விழும். 118-க்கும் கட்டைவிரல்தான், 212-க்கும் கட்டைவிரல்தான்.

பார்த்தாச்சு என்பதற்காக நாங்கள் போட்டது அது. அம்மாவோ பரவாயில்லை என்பதாக எடுத்துக்கொண்டார். "எல்லாரும் ஓகேன்னுதானே போட்டீங்க" என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார். சித்திதான் அதற்கு ஒரு வழி சொன்னார்: "அக்கா, இருநூறைத் தாண்டினா நான் விரலெல்லாம் போடமாட்டேன். போன் பண்ணுவேன்."

சர்க்கரை நோய்க்குக் கைபேசியையும் இணையத்தையும் பயன்படுத்துவது பற்றிப் பேச்சு வந்தால், எல்லோரும் எண் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதையே பேசுகிறார்கள். இந்தச் செயலி நல்லதா, அந்த மீட்டரில் புளூடூத் இருக்கிறதா என்று. போய்ச் சேர்ந்த எண்ணை யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது, பார்த்துவிட்டு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்கிறவர்கள் குறைவு. என் கணக்கில் பலன் கிடைப்பதும் கிடைக்காததும் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. எந்தச் செயலி என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் எண்ணையே எடுத்துக்கொள்வோம். வெறும் 212-ஐ வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது. வெறும் வயிற்றில் 212 என்றால் இரவு போட்ட இன்சுலின் போதவில்லையா, போட மறந்துவிட்டதா என்று யோசிக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 212 என்றால் அது வேறு கதை. காய்ச்சல் இருந்தாலோ, வேறு எதற்காகவோ ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ இன்னொரு கதை. படத்தில் இது எதுவும் தெரியாது. நேரம்கூடச் சரியாகத் தெரியாது. அம்மாவின் மீட்டரில் பேட்டரி மாற்றியதும் கடிகாரம் என்றோ ஒரு ஜனவரி 1-க்குப் போய் உட்கார்ந்துகொண்டது. காலையில் பார்த்த அளவு, திரையில் இரவு 11:40 என்று நின்றது. சித்தி வீடியோ காலில் வந்து, இந்தப் பொத்தானை அழுத்து, விடாமல் அழுத்து என்று சொல்லிச் சொல்லி அதைச் சரி செய்தார்.

இப்போது அம்மா படத்தோடு ஒரு வாய்ஸ் மெசேஜும் போடுகிறார். "வெறும் வயிறு. நேத்து ராத்திரி ஊசி போட்டாச்சு. தூக்கம் சரியில்ல." அவ்வளவுதான். தட்டச்சு செய்யச் சொன்னால் மூன்றாம் நாளே விட்டிருப்பார். பேசுவதென்றால் அவருக்குச் சிரமமில்லை. வயதானவர்களுக்கு விதவிதமான செயலிகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பயன்படுத்துவதில்லையே என்று குறைப்பட்டுக்கொள்பவர்களுக்கு நான் சொல்வது, அவர்கள் ஏற்கெனவே எதைப் பயன்படுத்துகிறார்களோ அதிலேயே தொடங்குங்கள் என்பதுதான்.

எண்களை மறைப்பது என்று ஒன்று இருக்கிறது. அதைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 1984-இல் ரோஜர் மாஸே குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகளுக்கு அவர்கள் கொடுத்த மீட்டர்களுக்குள் அளவுகளைப் பதிந்துகொள்ளும் நினைவகம் இருந்தது. அது இருப்பது நோயாளிகளுக்குத் தெரியாது. பிறகு நோட்டில் எழுதிக் கொண்டுவந்ததையும் மீட்டர் பதிந்துவைத்ததையும் ஒப்பிட்டார்கள். பார்க்காத நேரத்துக்கெல்லாம் நோட்டில் எண்கள் இருந்தன, பார்த்த சில எண்கள் நோட்டுக்கு வரவே இல்லை. அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நோட்டை நீட்டி அதற்கு மதிப்பெண் வாங்க வேண்டிய நிலையில் உட்காரவைத்தால் யார்தான் 280 என்று எழுதுவார்கள்? அதே மாஸே 1987-இல், பல நாள் அளவுகளை ஒரே இருபத்துநான்கு மணி நேர வரைபடத்தின் மேல் அடுக்கிக் காட்டும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். இன்று, உடலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை அளக்கும் சென்சாரின் செயலிகள் டாக்டருக்கு அனுப்பும் அறிக்கையில் நடுக்கோடும் அதைச் சுற்றி நிழல்பட்டைகளுமாகத் தெரிகிறதே, அது அந்த வழியில் வந்ததுதான். ஒரு நாளின் ஓர் எண்ணுக்காக யாரும் யாரையும் கடிந்துகொள்ளத் தேவையில்லாத படம் அது. பதினான்கு நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் தொடர்ந்து ஏறுகிறதா, மாலையில் தொடர்ந்து இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

சரி, இதெல்லாம் உண்மையிலேயே உதவுகிறதா? உதவுகிறது, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீயில் டைப் 1 (உடலில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோகும் வகை) உள்ள பிள்ளைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்த 'ஸ்வீட் டாக்' ஆய்வு 2006-இல் வெளியானது. செய்தி வந்தவர்களுக்குத் தங்கள் நோயைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை கூடியது. ஆனால் பழைய இன்சுலின் முறையிலேயே இருந்தவர்களுக்கு ஹெச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்த அளவு, அசையவில்லை. நாளுக்குப் பல ஊசி அல்லது பம்ப் என்ற தீவிர இன்சுலின் முறைக்கு மாறி, கூடவே குறுஞ்செய்தியும் பெற்றவர்களுக்குத்தான் குறைந்தது. சிகிச்சை மாறாமல் செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நடந்த 'ஐடியாடெல்' இன்னும் பெரியது. 1,665 முதியவர்களில் ஒரு பாதியினருக்கு, வீட்டிலிருந்தே நர்ஸுடன் வீடியோவில் பேசவும் மீட்டர் அளவுகளை அனுப்பவும் தனிக் கருவி வைத்துக் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் கருவி பெற்றவர்களின் ஹெச்பிஏ1சி மற்றவர்களைவிட ஏறத்தாழ 0.3 சதவீதப் புள்ளி குறைவு. வேண்டாம் என்று ஒதுக்கும் அளவு இல்லை, ஆனால் ஆஹா என்று சொல்லவும் இல்லை. இதன் பக்கத்தில் நான் வைத்துப் பார்ப்பது அமெரிக்க ஆய்வாளர் மிஷேல் ஹெய்ஸ்லர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு. சர்க்கரை நோய் உள்ள 244 முன்னாள் ராணுவ வீரர்கள். ஒரு பாதியினரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டு, வாரம் ஒருமுறை ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். மறுபாதிக்கு நர்ஸின் வழக்கமான கவனிப்பு. ஆறு மாதத்தில் போனில் பேசிக்கொண்டவர்களின் ஹெச்பிஏ1சி மற்றவர்களைவிட 0.58 புள்ளி குறைவாக இருந்தது. ஆட்களும் வயதும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடக் கூடாது. ஆனாலும் வீட்டுக்கு வீடு கருவி வைத்ததைவிட, அதே நோயுள்ள இன்னொருவரின் குரல் இவ்வளவு செய்திருக்கிறது என்பது என்னை யோசிக்க வைத்தது.

அம்மாவுக்கும் அப்படி ஒரு தோழி உண்டு. பழைய அலுவலகத் தோழி, அவருக்கும் சர்க்கரை. போனை எடுத்ததும் 'எப்படி இருக்கே' எல்லாம் கிடையாது, "இன்னிக்கு எவ்ளோ?" என்றுதான் ஆரம்பிக்கும். இரண்டு பேருக்கும் அதில் ஒரு போட்டிகூட. மாலையில் நடக்கும்போது கால் தளர்ந்து வியர்த்துக் கொட்டியதை அம்மா எங்கள் குழுவில் சொல்லவே இல்லை. தோழியிடம்தான் சொன்னார். அது சர்க்கரை இறங்குவதாக இருக்கும், டாக்டரிடம் சொல் என்று தோழி பிடிவாதம் பிடித்ததால்தான் டாக்டருக்குப் போயிற்று. அவர் மாலை மாத்திரையின் அளவைக் குறைத்தார். நாங்கள் மூவரும் காலை எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் நடந்தது இது.

டாக்டருடன் பேசிவைத்ததையும் சொல்லிவிடுகிறேன். தினமும் அனுப்ப வேண்டாம், வாரம் ஒருமுறை மொத்தமாக அனுப்புங்கள் என்றார். 70-க்குக் கீழே போனாலோ, தொடர்ந்து 300-க்கு மேல் நின்றாலோ செய்தி அனுப்பாமல் கிளினிக்குக்குப் போன் செய்ய வேண்டும். இரவில் வரும் செய்தியை அவர் காலையில்தான் பார்ப்பார். அவர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பதில் வரவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நான் இன்னும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். இதை வாய்விட்டுச் சொல்லும் டாக்டர் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். உங்கள் டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

எழுத்தில் வரும் ஆபத்துகள் தனி. தம்பி தனக்கும் ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துவிட்டுக் குழுவில் 6.1 என்று போட்டான். அம்மா அதை ஹெச்பிஏ1சி என்று நினைத்து, எல்லைக்கு மேலே போய்விட்டாயே, டாக்டரைப் பார்த்தாயா என்று பதறிவிட்டார். அவன் இருக்கும் நாட்டில் ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய மில்லிகிராம் கணக்கு வரும். 6.1 என்பது சுமார் 110. (வெறும் வயிற்றில் 110 என்பதும் அவன் வயதுக்குக் கொஞ்சம் கவனிக்க வேண்டியதுதான். அதை அம்மா இன்னும் விடவில்லை.)

இன்சுலின் அளவை எழுதுவது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய காரியம். எண்ணை அடுத்து ஆங்கில 'யு' எழுத்தை மட்டும் போட்டால் அது சுழியம்போலத் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும். மருத்துவமனைகளிலேயே இந்தத் தவறு நடந்து, யூனிட் என்று முழுதாக எழுத வேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் வலியுறுத்தி வருகின்றன. நம் கைபேசிக்கும் அதே விதிதான். போனில் சொன்னால் எட்டும் பதினெட்டும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் டாக்டர் போனில் அளவை மாற்றினால், கேட்டதை அம்மா அவரிடமே திருப்பிச் சொல்வார், பிறகு "இரவு இன்சுலின் 18 யூனிட், பதினெட்டு" என்று எண்ணிலும் எழுத்திலும் ஒரு செய்தி வாங்கிக்கொள்வார். அந்தச் செய்தியைக் குழுவின் உச்சியில் பின் செய்து வைத்துவிடுவோம். அளவு மாறும்போது பழையதை எடுத்துவிட வேண்டும். இரண்டும் இருந்தால் ஒன்றும் இல்லாததைவிட மோசம்.

அப்புறம் சென்சார் வந்தது. கையில் ஒட்டிக்கொண்டால் சில நிமிடத்துக்கு ஓர் அளவாகக் கைபேசிக்கு அனுப்பும், குடும்பத்தாரும் தங்கள் கைபேசியில் பார்க்கலாம். இப்படித் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு நிறுவனங்களுக்கு முன்பே வழி கண்டவர்களில் பெற்றோர்கள் உண்டு. 2013-இல் ஜான் காஸ்டிக் என்ற அமெரிக்கத் தந்தை, டைப் 1 வந்த தன் சின்ன மகனின் அளவுகளை அலுவலகத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்று சென்சாரின் தகவலைத் தானே இணையத்துக்கு ஏற்றினார். அதிலிருந்து வளர்ந்ததுதான், சென்சார் அளவுகளைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் 'நைட்ஸ்கவுட்' என்ற மென்பொருள். அதே காலத்தில் டைப் 1 உள்ள டேனா லூயிஸ் என்ற அமெரிக்கப் பெண், தூக்கத்தில் சென்சாரின் எச்சரிக்கை ஒலி தனக்குக் கேட்பதில்லை என்பதற்காக, கூடுதல் சத்தமுள்ள அலாரம் ஒன்றைச் செய்யப் போய், இன்சுலின் செலுத்தும் பம்பைத் தானாகவே இயங்கவைக்கும் முறைவரை போய்ச் சேர்ந்தார். இவர்களுக்கெல்லாம் தேவை மிகத் தெளிவாக இருந்தது. இரவில் ஆபத்தான அளவுக்கு இறங்கினால் யாராவது எழுந்து பார்க்க வேண்டும்.

எங்களுக்கு அந்தத் தெளிவு இல்லை. வரைபடம் கைக்கு வந்ததும் தம்பிக்கு அதைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. 190 என்று ஏறினால் உடனே போன். "என்ன சாப்பிட்டே?" வெளிநாட்டிலிருந்து வரும் போன் முன்பெல்லாம் அம்மாவுக்குச் சந்தோஷம், இப்போது விசாரணை. ஒருநாள் அம்மா பகிர்வை நிறுத்திவிட்டார். "நான் சமையலறைப் பக்கம் போனாலே உங்களுக்குத் தெரிஞ்சுடுது. நோய் எனக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். எனக்கு அதில் பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சர்க்கரை நோயின் மனச்சுமையைப் பல காலமாக ஆராய்ந்துவரும் உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கி, நோயாளியுடன் இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சிறு வழிகாட்டி அட்டையே போட்டிருக்கிறார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காத அறிவுரை சொல்லாதீர்கள் என்பதும் அதில் உண்டு.

மருத்துவக் கணக்கிலும் தம்பியின் பதற்றத்துக்கு நியாயம் இல்லை. 2019-இல் வெளியான சர்வதேச ஒப்புதல் அறிக்கையின்படி, பெரும்பாலானவர்களுக்கு நாளில் 70 சதவீதத்துக்கும் மேலான நேரம் 70 முதல் 180-க்குள் இருக்க வேண்டும். வயதானவர்களுக்கும், சர்க்கரை இறங்கினால் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும் பாதி நேரத்துக்கு மேல் இருந்தாலே போதும், ஆனால் 70-க்குக் கீழே ஒரு சதவீத நேரம்கூட இருக்கக் கூடாது. அம்மாவின் வயதில் பயப்பட வேண்டியது 190-க்கு அல்ல, 62-க்கு. இதைச் சித்தி தம்பிக்குப் பொறுமையாகப் புரியவைத்தார். பகிர்வு மீண்டும் வந்தது, அம்மாவின் நிபந்தனைகளோடு. 70-க்குக் கீழே போனால் மட்டும் எங்களுக்கு ஒலிக்கும். ஏறியதற்கு எதுவும் வராது. வரைபடம் அம்மாவுக்கும் டாக்டருக்கும். சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது, அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

ஒலித்தால் என்ன செய்வது என்பதும் எழுதி வைத்திருக்கிறோம். சென்சார் அளப்பது தோலுக்குக் கீழே உள்ள திரவத்தில், ரத்தத்தில் அல்ல. அதனால் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். அந்தக் கைமேல் அழுந்தப் படுத்தாலும் பொய்யாக இறங்கிக் காட்டும். முதலில் அம்மாவுக்குப் போன். அவர் எழுந்து விரலில் குத்திப் பார்ப்பார். உண்மையிலேயே குறைந்திருந்தால், அல்லது குத்திப் பார்க்க வழியில்லாமல் நடுக்கமும் வியர்வையும் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில். இரண்டாவது அழைப்பையும் எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன். அவரிடம் சாவி இருக்கிறது. பேச்சில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான் என்று அவருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். இணையம் எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும்.

அலாரத்தையும் முழுதாக நம்பிவிட முடியாது. 2019 நவம்பர் கடைசியில், சென்சார் தயாரிக்கும் டெக்ஸ்காம் நிறுவனத்தின் சர்வர் பழுதாகி, பிள்ளைகளின் அளவுகளைத் தொலைவிலிருந்து பார்த்துவந்த பெற்றோர் பலருக்கு எச்சரிக்கை வரவில்லை. ஒலிக்காததால் எல்லாம் சரி என்று தூங்கியிருக்கிறார்கள். தகவல் வருவது நின்றுவிட்டால் அதற்கென்று ஒலிக்கும் எச்சரிக்கை பல செயலிகளில் தனியாக இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். கைபேசி மென்பொருள் புதுப்பித்த பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது பற்றி அதிகம் சொல்ல இல்லை. மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதற்கு அது போதும், அலைச்சல் மிச்சம். ஆனால் பாதத்தை வீடியோவில் பரிசோதிக்க முடியாது. 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஆள் நேரில் வேண்டும். ஊசி போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டுக் கொழுப்பு தடித்திருக்கிறதா என்பது விரலால் தடவினால்தான் தெரியும். தடித்த இடத்தில் போட்டால் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. வீடியோவில் அளவை ஏற்றிக்கொண்டே போனாலும் காரணம் பிடிபடாது. டென்மார்க்கில் கால்புண் நோயாளிகளைத் தொலைமருத்துவம் வழியாகக் கவனித்த ஆய்வு 2015-இல் வெளியானது. புண் ஆறுவதிலும் கால் நீக்கத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நேரில் கவனிக்கப்பட்டவர்களைவிட இறப்பு தொலைமருத்துவத் தரப்பில் அதிகமாக இருந்தது. காரணத்தை ஆய்வாளர்களாலேயே விளக்க முடியவில்லை. அம்மாவின் கால் பரிசோதனைக்கு நாங்கள் நேரில்தான் போகிறோம்.

குழுவில் எழுதவே கூடாத சமயங்கள் சில உண்டு. விடாத வாந்தி, மூச்சு வேகமாக வாங்குவது, குழப்பமான பேச்சு, எழுப்பினால் எழ முடியாத தூக்கம். இதில் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது. எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, மீட்டரில் 180 என்று சாதுவாகக் காட்டும்போதே உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறி அமிலமாகிவிடக்கூடும். அம்மாவும் அந்த மாத்திரையில்தான் இருக்கிறார். வாந்தி வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, இன்சுலினை மட்டும் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தாமல், நேராக மருத்துவமனைக்குப் போவது என்று டாக்டர் முன்னிலையிலேயே பேசியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுப்பார், சித்தி நேரே மருத்துவமனைக்கு வந்துவிடுவார், மருந்துச் சீட்டின் படம் அம்மாவின் கைபேசியில் முதல் படமாக இருக்கும். எனக்கும் தம்பிக்கும் அங்கே போய்ச் சேர்ந்தபிறகு சொன்னால் போதும்.